மரண அறிவித்தல் இல்லாத அட்டைகள்

2016ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் மூன்றாவது வாரத்தில் இந்தியாவின் பல நகரங்களிலிருந்து ஒரே விதமான முறைப்பாடு எழுந்தது. கணக்கில் பணம் இருந்தது. இரகசிய இலக்கமும் சரியாகவே இருந்தது. ஆனால், ஏ.ரி.எம். இயந்திரம் அட்டையை ஏற்க மறுத்தது. இயந்திரக் கோளாறு என்று எண்ணி அடுத்த தெருவில் இருந்த இயந்திரத்தை நாடியவர்களுக்கும் அதே கதிதான். விசாரித்துப் பார்த்தபோது, அட்டையை முடக்கியது அவர்களின் வங்கியே என்பது தெரியவந்தது. பாரத ஸ்டேட் வங்கி மாத்திரம் ஏறத்தாழ 6 இலட்சம் டெபிட் அட்டைகளை முடக்கியிருந்தது. வாடிக்கையாளர் பலர் அதனை முதலில் அறிந்தது இயந்திரத்தின் முன்னால் நின்ற வேளையில்தான்.

வங்கி செய்தது தவறா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும். அட்டைகளின் தகவல்கள் திருடர் கைக்குப் போயிருந்தன. அட்டையை உயிருடன் விட்டிருந்தால் பணம் போயிருக்கும். ஆகவே, அட்டையைக் கொன்றது சரி. கொன்ற செய்தியை உரியவருக்குச் சொல்லாமல் விட்டது எந்த வகையில் சரி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நமது நாட்டுப் பத்திரிகைகளில் மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்க்காமல் மற்றப் பக்கங்களைப் புரட்டாத வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு மனிதர் இறந்தால் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பது நமது வழக்கம். ஒரு மனிதரின் அன்றாடச் சீவியம் தொங்கிக்கொண்டிருக்கும் அட்டை இறந்தால், அதன் சொந்தக்காரருக்காவது சொல்ல வேண்டும் என்ற வழக்கம் உலகில் எவ்வளவு தாமதமாக, எவ்வளவு தயக்கத்துடன் உருவானது என்பதைப் பார்ப்போம்.

காசோலைக் காலத்து நியாயம்

இந்தக் கேள்வி கணினியுடன் பிறந்ததன்று. 1830ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அரச நீதிமன்றத்தில் மார்செற்றி எதிர் வில்லியம்ஸ் என்ற வழக்கு விசாரணைக்கு வந்தது. ஒரு வணிகர் தமது வங்கிக் கணக்கில் பணம் வைப்புச் செய்திருந்தார். அதே நாளில் அவருடைய காசோலை வங்கிக்கு வந்தபோது, வைப்புப் பணம் இன்னும் பேரேட்டில் பதியப்படாதிருந்ததால் வங்கி காசோலையைத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் பணம் கொடுக்கப்பட்டது. வணிகருக்கு ஒரு சதமேனும் நட்டம் ஏற்பட்டதாக நிரூபிக்கப்படவில்லை. இருந்தும் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. கணக்கில் பணம் இருக்கும்போது காசோலையைத் திருப்புவது உடன்படிக்கையை மீறுவதாகும் என்பதும், அது வணிகரின் நாணயத்தின் மேல் விழும் அடி என்பதும் அத்தீர்ப்பின் சாரம். இழப்பீடு பெயரளவுக்கே வழங்கப்பட்டது. ஆனால், அதில் நிலைநாட்டப்பட்ட கொள்கை பெரியது.

சாதாரண மக்களின் நாணயம் வணிகரின் நாணயத்துக்கு ஒப்பானதாகக் கருதப்படுவதற்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. 1996இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், வூல்விச் கட்டட நிதிச் சங்கத்துக்கு எதிரான ஒரு வழக்கில் அதனை ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கிலும் நமது விடயத்துக்கு மிக நெருங்கிய ஓர் அம்சம் இருந்தது. காசோலை தொலைந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டுள்ளது என்ற பிழையான குறிப்புடன் அது திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. பிழை விரைவிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால், கொடுப்பனவு மறுக்கப்பட்டது மறுக்கப்பட்டதுதான். வழக்காளி வணிகரா இல்லையா என்பது முக்கியமன்று, கடன் நம்பகம் இக்காலத்தில் எல்லா மனிதருக்கும் தேவை என்று நீதிமன்றம் கருதியது. பொது இழப்பீடாக 5,550 பவுண் வழங்கப்பட்டது.

காசோலைக் காலத்தில் ஓர் ஒழுங்கு இருந்ததையும் கவனிக்க வேண்டும். திரும்பி வரும் காசோலையுடன் ஒரு துண்டுச் சீட்டு இணைக்கப்பட்டிருக்கும். காரணம் அதில் எழுதப்பட்டிருக்கும். காரணம் பிழையாக இருந்தால் அந்தத் துண்டுச் சீட்டையே சான்றாகக் கொண்டு ஒருவர் வாதாடலாம். அட்டை வந்தபோது இந்தத் துண்டுச் சீட்டு காணாமற் போய்விட்டது.

கடைக்காரருக்குத் தெரியும், உரியவருக்குத் தெரியாது

1958 செப்டெம்பரில் பாங்க் ஒஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்து மக்களுக்கு ஏறத்தாழ 60,000 கடனட்டைகளைத் தபாலில் அனுப்பி வைத்தது. யாரும் கேட்டு அனுப்பப்பட்டவை அல்ல அவை. இன்று விசா என்று அறியப்படும் அமைப்பின் தொடக்கம் அதுதான். கேளாமல் வந்த அட்டைகள் தபாற் பெட்டிகளிலிருந்து திருடப்பட்டன. மோசடி பெருகியது. 1970இல் அமெரிக்கச் சட்டம் தலையிட்டு, கேளாதவருக்குக் கடனட்டை அனுப்புவதைத் தடை செய்தது. களவு போன கடனட்டைக்கு வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய பொறுப்பையும் 50 டொலருக்குள் மட்டுப்படுத்தியது.

அந்நாட்களில் இணையத் தொடர்பு இல்லை. இரத்துச் செய்யப்பட்ட அட்டைகளின் இலக்கங்கள் சிறு புத்தகங்களாக அச்சிடப்பட்டுக் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. கடை ஊழியர் அட்டையை வாங்கி, அந்தப் புத்தகத்தைப் புரட்டி, இலக்கம் இல்லை என்று உறுதி செய்த பின்னரே பொருளைக் கொடுப்பார். இலக்கம் இருந்தால் அட்டையைப் பறிமுதல் செய்வார். அட்டையைக் கைப்பற்றிக் கொடுத்தவருக்குச் சன்மானம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. ஆக, ஓர் அட்டை இறந்துவிட்டது என்ற செய்தியைப் பரப்புவதற்கு அச்சகமும் தபாற் சேவையும் முழுமூச்சாக இயங்கின. ஆனால், அந்த ஏற்பாடு யாரை நோக்கியதாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். செய்தி கடைக்காரருக்குச் சென்றது. வங்கியின் பணத்தைக் காப்பதற்கு யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. அட்டைக்காரருக்கும் தெரிவிக்கும் கடப்பாடு அந்த ஏற்பாட்டின் அடித்தளத்தில் இருக்கவில்லை. இன்றைய கணினி வலையமைப்புகள் அந்தப் புத்தகத்தின் பேரப்பிள்ளைகள். வேகம் மாறியிருக்கிறது, பார்வை மாறவில்லை.

டெபிட் அட்டை பரவியபோது நிலைமை மேலும் கடினமாகியது. கடனட்டையில் முதலில் செலவாவது வங்கியின் பணம். டெபிட் அட்டையில் செலவாவது நமது சொந்தப் பணம். அது முடங்கினால் வீட்டு வாடகையும் மருந்துச் செலவும் முடங்கும். 1978இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட மின்னணு நிதிமாற்றச் சட்டம், அட்டை தொலைந்ததை அறிந்த வாடிக்கையாளர் இரண்டு வேலை நாட்களுக்குள் வங்கிக்கு அறிவித்தால் அவருடைய பொறுப்பு 50 டொலர் என்றது. அதற்குப் பிந்தினால் 500 டொலர் வரை. கணக்கறிக்கை அனுப்பப்பட்டு 60 நாட்களாகியும் வாய் திறக்காவிட்டால், அதன் பின்னர் போகும் பணம் முழுவதும் அவர் தலையில் விழலாம். வாடிக்கையாளர் வங்கிக்கு எத்தனை நாளில் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்ட அந்தச் சட்டத்தில், வங்கி தானாக ஓர் அட்டையை முடக்கினால் எத்தனை நாளில் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்ற மறுபக்கக் கணக்கு அதே நுணுக்கத்துடன் இடம்பெறவில்லை.

சட்டமியற்றுவோரைச் சுட்ட நெருப்பு

மாற்றம் 2002இல் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. வந்த விதம் சுவாரசியமானது. அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மாநில அரசின் தரவு மையம் ஒன்றினுள் யாரோ ஊடுருவினர். அங்கே சுமார் 265,000 மாநில அரச ஊழியர்களின் சம்பளப் பதிவேடு இருந்தது. ஊடுருவல் மே மாத முற்பகுதியில் கண்டறியப்பட்டது. ஊழியர்களுக்குத் தெரிவிக்கப்பட்டதோ அம்மாதத்தின் பிற்பகுதியில். அந்தப் பதிவேட்டில் ஆளுநரின் பெயரும் சட்டமன்ற உறுப்பினர்களின் பெயர்களும் இருந்தன. பிறகென்ன! தகவல் களவு போனால் உரியவருக்கு நியாயமற்ற தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் அதே ஆண்டில் நிறைவேற்றப்பட்டு, 2003 ஜூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. தீ தமது கூரையில் பற்றிய பின்னரே ஊருக்குத் தீயணைப்பு வண்டி வாங்கும் வழக்கம் எல்லா நாடுகளுக்கும் பொதுவானது போலும்.

அந்தச் சட்டத்தின் பெறுமதி இரண்டு ஆண்டுகளில் சோதிக்கப்பட்டது. 2005 ஜூன் 17ஆம் திகதி மாஸ்டர்கார்ட் நிறுவனம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. கார்ட்சிஸ்டம்ஸ் சொலூஷன்ஸ் என்ற இடைநிலை நிறுவனத்தில் நடந்த ஊடுருவலினால் 4 கோடி அட்டைகளின் தகவல்கள் ஆபத்துக்கு உள்ளாகியிருந்தன. மக்களில் மிகப் பெரும்பாலானோர் அந்த நிறுவனத்தின் பெயரை அன்றுதான் கேள்விப்பட்டனர். கடைக்கும் வங்கிக்கும் இடையில் கொடுப்பனவுகளைக் கடத்திவிடுவது அதன் தொழில். வைத்திருக்கவே கூடாத காந்தப் பட்டைத் தகவல்களை ஆய்வுத் தேவைக்கென்று சேமித்து வைத்திருந்ததாக அதன் தலைவரே ஒப்புக்கொண்டார்.

தகவல் உண்மையாகவே களவு போனவர்களுக்கு ஒவ்வொருவராக அறிவிக்க வேண்டும் என்று கோரி சான் பிரான்சிஸ்கோவில் வழக்கொன்று தொடுக்கப்பட்டது. அட்டை வலையமைப்பு நிறுவனங்களின் வாதம் எளிமையானது. வாடிக்கையாளருடன் எமக்கு நேரடி உறவு இல்லை, அட்டையை வழங்கியவை வங்கிகள் என்றன அவை. 2005 செப்டெம்பரில் நீதிபதி, உடனடி அறிவித்தலுக்கான இடைக்கால உத்தரவைப் பிறப்பிக்க மறுத்துவிட்டார். வங்கியோ, ஊடுருவல் எம்மிடம் நடக்கவில்லை என்று சொல்லலாம். இடைநிலை நிறுவனத்துக்கு வாடிக்கையாளரின் முகவரியே தெரியாது. கடை, கடையின் வங்கி, இடைநிலை நிறுவனம், அட்டை வலையமைப்பு, அட்டை வழங்கிய வங்கி என்று ஐந்து பேர் கைகோத்து நிற்கும் சங்கிலி அது. பணம் அந்தச் சங்கிலியில் கணப்பொழுதில் ஓடுகிறது. பொறுப்பு மட்டும் ஒவ்வொரு கண்ணியிலும் தடக்கி நிற்கிறது.

பெயர் சொல்லாத மூன்றாம் தரப்பு

2006 பெப்ரவரியில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் சுமார் 2 இலட்சம் டெபிட் அட்டைகள் மாற்றப்பட்டதாகச் செய்திகள் வந்தன. வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்த கடிதங்களில், ஒரு மூன்றாம் தரப்பிடம் தகவல் கசிந்திருக்கலாம் என்று மட்டுமே இருந்தது. அந்த மூன்றாம் தரப்பு யார் என்பதை வங்கிகள் சொல்லவில்லை. அடுத்த மாதம் சிற்றிபாங்க், கனடா, பிரித்தானியா, ரஷ்யா ஆகிய நாடுகளில் தனது அமெரிக்க அட்டைகளைக் கொண்டு இரகசிய இலக்கத்தின் மூலம் செய்யும் கொடுக்கல் வாங்கல்களைத் தடுத்துவிட்டது. அந்த நாடுகளில் பயணத்தில் இருந்தவர்கள், அந்நிய ஊரின் ஏ.ரி.எம். இயந்திரத்தின் முன்னால் நின்றுதான் அதனை அறிந்தனர்.

சந்தேகம் ஓஃபிஸ்மாக்ஸ் என்ற அலுவலகப் பொருள் விற்பனை நிறுவனத்தை நோக்கித் திரும்பியபோது, தன்னிடம் ஊடுருவல் நடந்ததாகத் தெரியாது என்று அந்நிறுவனம் கூறியது. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2008 ஓகஸ்டில் அமெரிக்க நீதித் திணைக்களம் அல்பேர்ட் கொன்சாலெஸ் உள்ளிட்ட 11 பேர் மீது குற்றஞ்சாட்டியபோது, தகவல் திருடப்பட்ட நிறுவனங்களின் பட்டியலில் ஓஃபிஸ்மாக்ஸின் பெயரும் இருந்தது.

அதே பட்டியலில் இருந்த இன்னொரு பெயர் ரி.ஜே.எக்ஸ். மலிவு விலை ஆடைக் கடைகளை நடத்தும் நிறுவனம் அது. பிரித்தானியாவிலுள்ள நமது மக்கள் அறிந்த ரி.கே. மாக்ஸ் கடைகளும் அதற்கே சொந்தமானவை. தனது கணினிகளில் சந்தேகத்துக்குரிய மென்பொருள் இருப்பதை அது 2006 டிசெம்பர் 18ஆம் திகதி கண்டறிந்தது. வங்கிகளுக்கும் அட்டை நிறுவனங்களுக்கும் அம்மாத இறுதியில் தெரிவித்தது. பொதுமக்கள் அறிந்தது 2007 ஜனவரி 17ஆம் திகதி. இடையில் நத்தார் வியாபாரம் நடந்து முடிந்திருந்தது. குறைந்தது 4 கோடி 57 இலட்சம் அட்டைகளின் தகவல்கள் திருடப்பட்டிருந்ததாக நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது.

புலனாய்வாளர்கள் கேட்டுக்கொண்டதால் இரகசியம் காத்தோம் என்பது ரி.ஜே.எக்ஸ். தரப்பின் விளக்கம். இது முற்றாகப் புறந்தள்ளக் கூடிய வாதமன்று. திருடனுக்குத் தெரியாமல் வலை விரிப்பதற்கு அவகாசம் வேண்டும். ஆனால், இந்தக் கதையில் விதியின் விளையாட்டு ஒன்றும் உண்டு. கொள்ளைக் கூட்டத்தின் தலைவரான கொன்சாலெஸ், அதே காலப்பகுதியில் அமெரிக்க இரகசியச் சேவையிடம் சம்பளம் வாங்கும் தகவலாளியாகவும் இருந்தார். மக்களிடமிருந்து மறைக்கப்பட்ட இரகசியம் திருடனிடமிருந்து மறைக்கப்பட்டதா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 2010 மார்ச்சில் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

மௌனத்தின் நியாயங்கள்

இத்தனை நிறுவனங்களும் ஏன் வாய் திறக்கத் தயங்குகின்றன? முதற் காரணம் நற்பெயர். அட்டை முடக்கப்பட்டது என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். ஏன் என்று சொன்னால் யாரிடம் கசிந்தது என்ற கேள்வி வரும். இரண்டாவது, செலவு. இலட்சக்கணக்கானோருக்குக் கடிதம் எழுதுவதும் தொலைபேசியில் பதில் சொல்வதும் பணம் கேட்கும் வேலை. மூன்றாவது காரணம் இணைய யுகத்துக்கே உரியது. உங்கள் அட்டை முடக்கப்பட்டுள்ளது, இங்கே அழுத்துங்கள் என்பதுதான் மோசடிக்காரர்கள் அனுப்பும் மின்னஞ்சலின் வழமையான வாசகம். உண்மையான அறிவித்தலும் போலியானதாகத் தோற்றமளிக்கும் நிலைமையைத் திருடர்கள் உருவாக்கிவிட்டார்கள்.

மூன்றாவது காரணத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால், அதற்கும் வழி உண்டு. எந்த இணைப்பையும் அழுத்தச் சொல்லாமல், இரகசிய இலக்கம் எதையும் கேட்காமல், அட்டையின் பின்புறமுள்ள தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள் என்று மட்டும் சொல்லும் ஒற்றை வரிக் குறுஞ்செய்தி போதும். கணக்கினுள் நுழைந்ததும் கண்ணிற் படும் ஓர் அறிவித்தல் போதும்.

இணையவழிக் கொடுப்பனவுச் சேவைகளின் நிலை இதனினும் சிக்கலானது. அவற்றில் பல, தாம் நேரடியாக அட்டை வழங்குவதில்லை. வேறொரு நாட்டின் உரிமம் பெற்ற நிறுவனம் அட்டையை வழங்கும். சேவையின் பெயர் அட்டையின் முகப்பில் மட்டும் இருக்கும். 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்ட் நிறுவனம், 190 கோடி யூரோ இருப்பில் இல்லை என்பது அம்பலமானதையடுத்து வங்குரோத்து நிலைக்குச் சென்றபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. ஜூன் 26ஆம் திகதி பிரித்தானிய நிதி நடத்தை அதிகாரசபை, வயர்கார்ட்டின் பிரித்தானியக் கிளை நிறுவனத்தின் செயற்பாடுகளை நிறுத்தியது. அந்த நிறுவனத்தின் அட்டைகளைப் பயன்படுத்திய பல்வேறு சேவைகளின் வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் தமது பணத்தைத் தொட முடியாமல் நின்றனர். தெற்காசியாவில் வீட்டிலிருந்தவாறே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்து, பயோனியர் அட்டையின் மூலம் ஊதியம் பெற்றுவந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். சில நாட்களில் தடை நீக்கப்பட்டது. அங்கே அட்டைகள் திருடப்படவில்லை. பணத்தைக் காப்பதே தடையின் நோக்கம். ஆனாலும், அட்டையின் உயிர் யார் கையில் இருக்கிறது என்பது அட்டைக்காரருக்குத் தெரியாத நிலை அதே நிலைதான்.

எனக்கும் இத்தகைய அனுபவம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், வெளிநாட்டுச் சஞ்சிகைகளுக்கு எழுதும் கட்டுரைகளுக்கான சிறு சன்மானத்தை ஓர் இணையவழிச் சேவையின் ஊடாகப் பெற்று வந்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. வெள்ளவத்தையில் மருந்து வாங்கச் சென்றபோது அட்டை மறுக்கப்பட்டது. இரண்டாம் முறையும் மறுக்கப்பட்டது. பின்னால் நின்றவர்களின் பார்வை முதுகில் படுவதை உணர முடிந்தது. "பரவாயில்லை ஐயா, பிறகு தாங்கோ" என்று மருந்தகக்காரர் தமது கொப்பியில் குறித்துக்கொண்டார். சேவைக்கு எழுதிக் கேட்டதற்கு நான்காம் நாள் பதில் வந்தது. எனது அட்டையின் தகவல்கள் கசிந்திருக்கலாம் என்பதால் பாதுகாப்பு முன்னேற்பாடாக அது இரத்துச் செய்யப்பட்டதாம். அவர்கள் என்னைப் பாதுகாத்தார்கள் என்பதில் ஐயமில்லை. எதிலிருந்து பாதுகாத்தார்கள் என்பதை நான் கேட்ட பிறகே சொன்னார்கள்.

சட்டத்தில் ஏறிய ஒரு வரி

இந்த விடயத்தில் நேரடியாக வாய் திறந்த சட்டம் ஐரோப்பாவினுடையது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய கொடுப்பனவுச் சேவைகள் பணிப்புரையின் 55ஆம் உறுப்புரை இவ்வாறு விதித்தது: கொடுப்பனவுச் சாதனம் ஒன்றை முடக்கும் நிறுவனம், முடக்கத்தையும் அதற்கான காரணத்தையும் இயலுமானால் முன்கூட்டியே, பிந்தியது முடக்கிய உடனேயே, வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்புக்கு உண்மையான குந்தகம் ஏற்படுமானால், அல்லது வேறு சட்டம் தடுக்குமானால் மட்டுமே விலக்கு. 2015இல் வந்த இரண்டாவது பணிப்புரையும் 68ஆம் உறுப்புரையில் இதனைத் தக்கவைத்துக்கொண்டது. பிரித்தானியா 2009இலும் பின்னர் 2017இலும் தனது ஒழுங்குவிதிகளில் இதனைச் சேர்த்துக்கொண்டது. பாரிஸிலும் பெர்லினிலும் இலண்டனிலும் வாழும் நமது மக்கள், அட்டை மௌனமாக முடக்கப்பட்டால் உதவி கேட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. இந்த விதியைச் சுட்டிக்காட்டி விளக்கம் கேட்கலாம்.

மீண்டும் இந்தியாவுக்கு வருவோம். 2016 ஒக்டோபரில் ஆபத்துக்கு உள்ளானவை சுமார் 32 இலட்சம் அட்டைகள். தாம் இந்தியாவில் இருக்கும்போது தமது அட்டைகள் சீனாவிலும் அமெரிக்காவிலும் பயன்படுத்தப்பட்டதாக வாடிக்கையாளர்கள் முறையிட்டதன் மூலம் விடயம் செப்டெம்பரிலேயே வங்கிகளின் கவனத்துக்கு வந்திருந்தது. பொதுமக்கள் முழு விபரத்தை அறிந்தது ஒக்டோபர் 20ஆம் திகதியளவில், அதுவும் பத்திரிகைகளின் வாயிலாக. 19 வங்கிகளைச் சேர்ந்த 641 வாடிக்கையாளர்கள் 1.3 கோடி ரூபாயை இழந்ததாக இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கூட்டுத்தாபனம் கூறியது. ஆபத்துக்கு உள்ளான ஏறத்தாழ 5,000 அட்டைகளுக்கு ஒருவர் என்பது இதன் கணக்கு. முடக்கம் பயனளித்தது என்பதற்கு இதுவே சான்று. ஏ.ரி.எம். வலையமைப்புகளை இயக்கிய ஹிட்டாச்சி பேமண்ட் சேர்விசஸ் நிறுவனம், தனது கணினிகளில் தீய மென்பொருள் ஊடுருவியிருந்ததை 2017 பெப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. நவம்பர் 8ஆம் திகதி, அதாவது அந்தச் செய்தி வெளியாகி 19 நாட்களில், 500 ரூபா, 1,000 ரூபாத் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. மாற்று அட்டை இன்னும் கைக்கு வராதவர்களின் நிலையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

2017 ஜூலை 6ஆம் திகதி இந்திய ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. மூன்றாம் தரப்பின் தவறினால் பணம் போனால், வாடிக்கையாளர் மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் அவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதனை வங்கியே நிரூபிக்க வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் பாருங்கள், கடிகாரம் மீண்டும் வாடிக்கையாளரின் தலைக்கு மேலேயே ஓடுகிறது. 1978இன் அமெரிக்கச் சட்டம் போலவே இங்கும் அவசரம் அவருக்குரியது. களவுபோன தகவலுக்குரியவருக்கு அறிவிக்க வேண்டும் என்ற கடப்பாடு இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில்தான் தெளிவாக இடம்பெற்றது.

நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் உண்டு. அது திருடனைத் தண்டிப்பது பற்றியது. அட்டைச் சேவைகளுக்கு மத்திய வங்கியின் ஒழுங்குவிதிகளும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு மீறல் நடந்தால் அதற்கென அமைக்கப்படும் அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அதிகாரசபைக்குச் சொல்வது அவசியம்தான். ஆனால், வெள்ளவத்தையிலும் வவுனியாவிலும் வரிசையில் நின்று மறுக்கப்படப் போகிறவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

காசோலைக் காலத்துத் துண்டுச் சீட்டில் மூன்று விடயங்கள் இருந்தன. கொடுப்பனவு மறுக்கப்பட்டது, இன்ன காரணத்துக்காக, இன்ன வங்கியினால். இன்று ஒரு விநாடியில் கண்டம் விட்டுக் கண்டம் பணம் அனுப்பும் அமைப்புகளிடம் நாம் கேட்பதும் அதே மூன்று விடயங்களைத்தான். அவற்றை எழுதுவதற்கு ஒரு குறுஞ்செய்தியின் இடம் தாராளமாகப் போதும். இதுவரை நாம் பார்த்த வரலாற்றில் எந்த நிறுவனமும் தானாக முன்வந்து அதனை வழக்கமாக்கிக்கொள்ளவில்லை. நீதிமன்றம் சொன்ன இடத்திலும் சட்டம் சொன்ன இடத்திலும் மட்டுமே அது நடந்திருக்கிறது. நமது நாட்டின் ஒழுங்குவிதிகள் அடுத்த முறை திருத்தப்படும்போது, ஐரோப்பியர் எழுதிய அந்த ஒற்றை வரியை இங்கும் எழுதுமாறு கேட்க வேண்டியவர்கள் அட்டை வைத்திருக்கும் நாம்தான்.